சிவப்பு நூல் கட்டிய பதினொரு பழங்கள்

அத்தியாயம் 14

போன வாரம் மிளகை ஒரு தகர டப்பாவுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். உள்ளே இருக்க வேண்டியது அவள் அப்பா சேர்த்து வைத்த தக்காளி விதை. மூடியைத் திறந்தால் இருந்ததோ பூஞ்சை. "அந்தப் பெண்ணை இப்படி அழ வைக்கலாமா?" என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்: அழ வைத்தது நான் இல்லை, மூடியில் இருந்த ஓட்டை.

இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மிளகு என்பது அப்பா வைத்த பட்டம். ஆள் சின்னவள், காரம் ஜாஸ்தி. வயது இருபத்து மூன்று. பக்கத்து ஊரில் குடிநீரைப் பரிசோதிக்கிற கூடத்தில் வேலை. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். அப்பா பஸ் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா நர்ஸ். ஐந்து மாதத்துக்கு முன் அம்மா தெருமுனைத் தையல்காரரை மறுமணம் செய்துகொண்டாள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே மிளகுதான்.

கையெழுத்துப் போட்டாள், சரி. ஆனால் அந்த மனிதரை இன்றுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க", "கொஞ்சம் நகருங்க", அவ்வளவுதான். அவரும் அவளை "நீங்க, வாங்க" என்றுதான் பேசுவார். கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசிப் பழகிய மரியாதை அது. வீட்டில் பெற்ற பெண்ணைப் போல ஒருத்தியை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

டப்பாவில் இருந்தது சாதாரண விதை இல்லை. டிரைவர் ஆறு வருஷம் பாடுபட்டுத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு வருஷமும் எந்தப் பழம் எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பழுத்து, மழை பட்டும் வெடிக்காமல் நின்றதோ அதிலிருந்து மட்டும் விதை எடுப்பார். குண்டாக, தோள் அகன்று, சதை கெட்டியாக இருக்கும். அது போயிற்று என்றுதான் மிளகு அன்றைக்கு அழுதாள்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனவள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு செடிகளைப் பார்த்தாள். யாரும் நடவில்லை. என்றோ விழுந்த பழத்திலிருந்து தானாக முளைத்தவை. அதே குண்டு, அதே அகன்ற தோள். இரண்டிலுமாகப் பதினொரு பழங்கள், அப்போதுதான் நிறம் திரும்பிக்கொண்டிருந்தன. விதை முற்ற வேண்டுமானால் செடியிலேயே நன்றாகக் கனிய வேண்டும். அதனால் பதினொன்றின் காம்பிலும் சிவப்பு நூல் கட்டிவிட்டு ஊருக்குப் போனாள். இரண்டு வாரம் ஆயிற்று; போன சனிக்கிழமை வேலை இருந்ததால் வர முடியவில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை.

*

காலை ஆறே கால். நர்ஸம்மா ஒரு கையால் தலை சீவிக்கொண்டே மறு கையால் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"என்னங்க, கேட்டீங்களா? இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து மூணு நாளைக்கு விடாம மழையாம்."

"கேட்டேன் சிஸ்டர்."

"மறுபடியும் சிஸ்டரா? மாடியில இருக்கிறவங்க காதுல விழுந்தா என் மானம் போயிடும்."

தையல்காரர் அசடு வழியச் சிரித்தார். ஊசி குத்தின விரலோடு நாலு வருஷம் அவளிடம் கட்டுப் போட வந்தவர். அப்போதெல்லாம் சிஸ்டர் என்று கூப்பிட்ட வாய் கல்யாணத்துக்குப் பிறகும் திருந்த மாட்டேன் என்கிறது. கட்டின மனைவியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் என்று தெருவே அவரைக் கிண்டல் செய்கிறது.

"பழுத்தது ஒண்ணுகூட செடியில இருக்கக் கூடாது. மழை பட்டா வெடிச்சு அழுகிடும். எல்லாத்தையும் பறிச்சு விழுதாக்கி பாட்டில்ல அடைச்சிடுங்க. பச்சைக் காயை நான் வந்து பேப்பர்ல சுத்திக்கறேன். மூணு மணிக்கு டியூட்டி முடிஞ்சிடும். அவ பதினோரு மணி பஸ்ல வர்றா."

"இன்னிக்குக் கடைக்கு லீவு போட்டுட்டேன். நீங்க போயிட்டு வாங்க."

வாசல் வரை போனவள் நின்றாள். ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. நாக்கு நுனியில் நின்றது, வரவில்லை. தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. நர்ஸம்மா ஓடினாள்.

அந்த ஒரு நிமிஷம் அவள் நின்று யோசித்திருந்தால் இந்த வாரம் எனக்குக் கதையே இருந்திருக்காது.

*

தையல்காரருக்குத் தோட்ட வேலை பழக்கமில்லை. ஆனால் சொன்னதை ஒழுங்காகச் செய்கிறவர். கூடையும் கத்தரிக்கோலுமாக இறங்கினார். பழத்தைப் பிடித்து இழுக்கவில்லை. காம்பைக் கத்தரித்து எடுத்தார். மூன்று பாத்தி முடித்துத் தொட்டிக்குப் பின்னால் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சிவப்பு நூல்.

அவர் கடையில் நூலுக்கு நிறம் உண்டு, நிறத்துக்கு அர்த்தம் உண்டு. துணி மூட்டையில் சிவப்பு நூல் கட்டியிருந்தால் அவசரம். இன்றைக்கே கொடுக்க வேண்டியது, வேறு எதையும் தொடும் முன் அதை முடி. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். சிவப்பு நூலைப் பார்த்தால் மூளைக்கு முன்னால் கை வேலையை ஆரம்பித்துவிடும்.

அதுவும் அவருடைய நூல். பட்டன் தைக்க வைத்திருக்கும் தடித்த நூல், வீட்டு மிஷினின் இழுப்பறையில் இருப்பது. இந்தப் பெண் ஐந்து மாதமாக அவர் பொருள் எதையும் தொட்டதில்லை. அவர் உட்காரும் நாற்காலியில்கூட உட்கார மாட்டாள். அப்படிப்பட்டவள் இழுப்பறையைத் திறந்து, நூல் எடுத்து, அவர் அடையாளத்தையே கட்டி வைத்திருக்கிறாள் என்றால்?

"எனக்குத்தான் சொல்லி வச்சிருக்கு" என்றார் செடியிடம். "என் பாஷையிலேயே எழுதி வச்சிருக்கு பாரு."

சுற்றிலும் யாரும் இல்லை என்பதால் சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினொரு பழத்தையும் தனியாக ஒரு தட்டில் பறித்தார். நூல்களை அவிழ்த்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

அவசர வேலை முதலில். மற்றக் கூடைகள் காத்திருந்தன.

ஒவ்வொரு பழத்தின் அடியிலும் சின்னதாகக் குறுக்கே கீறினார். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு, உடனே பச்சைத் தண்ணீருக்கு மாற்றினால் தோல் தானாகக் கழன்றுவிடும். பழத்தைப் போட்ட நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. கோட்டின் கை நீளம் பற்றி ஒரு வாடிக்கையாளர் புலம்பினார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டு ஓடி வந்து பழங்களை எடுத்தார். தோல் உரித்தார். இரண்டாகப் பிளந்து, கட்டை விரலால் விதையையும் வழவழப்பையும் வழித்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டார். கல்யாணமான முதல் வாரத்தில் நர்ஸம்மா பேச்சுவாக்கில், "தக்காளி விதை பல் இடுக்குல மாட்டிக்குது" என்று சொல்லியிருந்தாள். அவள் மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை.

மிச்சம் இருந்த சதையை உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சுண்ட வைத்தார். கொதிநீரில் போட்டு எடுத்த பாட்டிலில் சூடாக ஊற்றினார். அடியில் லைனிங் துணி விரித்த பெரிய பாத்திரத்தில் பாட்டிலை இறக்கி மறுபடி கொதிக்கவிட்டார். துணி இல்லாவிட்டால் பாட்டில் விரிசல் விட்டுவிடும். வெளியே எடுத்து வைத்துச் சற்று ஆறியதும் மூடியின் நடு 'டக்' என்று உள்வாங்கியது. காற்று போகாது, இனி ஆறு மாதம் கெடாது.

சரியாக ஒரு பாட்டில் வந்தது. அதன் கழுத்தில் பதினொரு சிவப்பு நூலையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். கடைச் சீட்டு ஒன்றை எடுத்து எழுதி ஒட்டினார்: 'மிளகு. அவசரம். தயார்.'

பிறகு அடுத்த கூடைக்குப் போனார். அந்தக் கூடைகளின் விதையெல்லாம் வாளியில் விழுந்து எருக்குழிக்குப் போயிற்று.

*

பஸ் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. மிளகு பையைக் கூடத்தில் போட்டாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேராகத் தொட்டிக்குப் பின்னால் போனாள்.

இரண்டு செடிகளும் நின்றன. கோலிக்குண்டு அளவில் நாலைந்து பச்சைப் பிஞ்சு தொங்கியது. அதில் விதை முற்றியிருக்காது. பழம் ஒன்றுகூட இல்லை.

சமையலறைக்கு வந்தாள். அடுப்புச் சூட்டில் தையல்காரரின் முகம் சிவந்திருந்தது. அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"வந்துட்டீங்களா! வாங்க வாங்க. உங்களுதுதான் முதல்ல முடிச்சேன்."

பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். கழுத்தில் சிவப்பு நூல்.

மிளகு பாட்டிலைப் பார்த்தாள். எழுதியிருந்ததைப் படித்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்துவிட்டது மாதிரி இருந்தது. அப்படி எல்லாம் புரிந்துவிட்டதாக நினைக்கிற நேரத்தில்தான் மனுஷர்கள் மோசமாகப் பேசுகிறார்கள்.

"தொடக் கூடாதுன்னுதானே நூல் கட்டினேன்?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "சிவப்பு... சிவப்புன்னா அவசரம்னு..."

"விதைக்கு வச்சிருந்தேன். அப்பாவோட விதை. டப்பாவுல இருந்தது போயிடுச்சு, இந்தப் பதினொண்ணுதான் இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல."

"எனக்கு யாரும்..."

"அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னேனே! தெரியாதுன்னு சொல்லாதீங்க."

அடுப்பில் அடுத்த பாத்திரம் கொதித்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மிளகு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"எங்க அப்பாவோட நாற்காலி, அப்பாவோட அலமாரி, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்க. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? இதை மட்டுமாவது விட்டு வச்சிருக்கக் கூடாதா?"

அவர் பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒருவேளை கொதிக்கிற பாத்திரத்தில் இன்னும் ஒன்றிரண்டு பழம் முழுதாக இருக்குமோ என்ற நப்பாசையில் சட்டென்று அதன் விளிம்பைப் பிடிக்கப் போனாள்.

"கையை எடு! சுடும்!"

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். இரண்டு பேருமே திடுக்கிட்டார்கள். அவர் உடனே கையை விட்டார்.

"மன்னிச்சிடுங்க. கை பட்டுடப் போகுதேன்னு..."

மிளகு வெளியே போய்விட்டாள். பை கூடத்திலேயே கிடந்தது.

*

எங்கே போனாள்? பஸ் நிறுத்தத்துக்கு. இந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தால் சின்ன வயதிலிருந்து அங்கேதான் போவாள். அந்த நாளில் உட்கார்ந்து காத்திருந்தால் அப்பாவின் வண்டி எப்படியும் வந்துவிடும்.

இன்றைக்கு எத்தனையோ வண்டி வந்தது. பக்கத்துக் கடையில் ஒரு பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டாள். மறுபடி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். மேற்கே மேகம் திரண்டது. மூன்றே கால் மணி வண்டியிலிருந்து நர்ஸம்மா இறங்கினாள்.

"என்னடி, இங்க உட்கார்ந்திருக்க? முகம் ஏன் இப்படி இருக்கு?"

மிளகு சொன்னாள். முழுவதும் சொன்னாள், தான் பேசினதையும் மறைக்கவில்லை. நர்ஸம்மா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஐயோ. காலையில வாசல்ல நின்னு யோசிச்சேன்டி. இதேதான். இதேதான் வாய்ல வரமாட்டேன்னுச்சு."

"நீ அவர்கிட்ட சொல்லவே இல்லையா?"

"நீ ஃபோன் பண்ணப்போ ஒரு கையில ஊசி, ஒரு கையில ஃபோன். சரி சரின்னேன். அத்தோட போச்சு. அந்த மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியாது."

மிளகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிவப்பு நூல்னா அவர் கடையில என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா.

"அவசரமாம். இப்பதான் தெரியும்."

"அவர் இழுப்பறையிலேர்ந்து அவர் நூலை எடுத்து நீ கட்டி வச்சா, அவர் என்ன நினைப்பார்? நீ அவருக்குத்தான் சேதி சொல்லியிருக்கேன்னு நினைப்பார்."

மிளகுக்கு அந்தப் பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி நின்றவரின் முகம் நினைவுக்கு வந்தது. வாயெல்லாம் பல். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை விதைக்காக இல்லை.

"என்ன பண்ணி என்ன? எல்லாம் வெந்து போச்சு."

"எது வெந்து போச்சு?"

"விதைதான்."

நர்ஸம்மா நிமிர்ந்தாள். "நம்ம வீட்டு விழுதுல விதை ஏது? முன்னால அப்பாவும் நீயும் பண்றப்போ விதையோடயே கொதிக்க விடுவீங்க. இவர் விதையை வழிச்சு எடுத்துட்டுத்தான் அடுப்புல ஏத்துவார். போன மாசம் பண்ண பாட்டில்லயும் ஒரு விதை இல்லையே, நான் சாப்பிட்டேனே!"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் நர்ஸம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். நாற்பத்தெட்டு வயதில் அவள் அந்தத் தெருவில் அப்படி ஓடினதை யாரும் பார்த்ததில்லை.

*

சமையலறை துடைத்து வைத்திருந்தது. பத்தொன்பது பாட்டில்கள் வரிசையாக நின்றன. பாத்திரங்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. மிளகு ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள். அந்த வீட்டில் ஒருநாளாவது பாத்திரம் கழுவாமல் கிடக்கக் கூடாதா?

தையல்காரர் பின்கட்டில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க! விதையெல்லாம் எங்க?"

"எருக்குழியில கொட்டிட்டேனே சிஸ்டர்."

மிளகு எருக்குழியைப் பார்த்தாள். முப்பது கிலோ பழத்தின் தோலும் விதையும் சாணத்தோடு கலந்து கிடந்தன. அதில் எது அப்பாவுடையது, எது கடையில் வாங்கின நாற்றுடையது என்று யாரால் சொல்ல முடியும்? அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முதல் தடவை எடுத்ததுமா?" என்றாள் நர்ஸம்மா. "அவளோட பதினொண்ணு?"

"அது எப்படிக் கொட்டுவேன்?" அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அது அவங்களுதாச்சே. மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கணும்ல?"

கதையை ஒரு நிமிஷம் நிறுத்தி இதை நான் சொல்லியே ஆக வேண்டும். அவர் கடையில் துணி வெட்டினால் மிஞ்சுகிற துண்டு துணிக்காரருக்குச் சொந்தம். கையளவு துண்டானாலும் சுருட்டி, சீட்டுக் கட்டி, தைத்த உடுப்போடு கொடுத்துவிடுவார். ஒருத்தர் துணித் துண்டு இன்னொருத்தர் பைக்குள் போனால் கடையை மூடிவிடலாம் என்பது அவர் கொள்கை. தக்காளி என்பதற்காகக் கொள்கையை மாற்றிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

"எங்க இருக்கு?" மிளகு எழுந்துவிட்டாள்.

"மிஷின் மேல. கொடுக்க வேண்டியதெல்லாம் அங்கதான் வைப்பேன்."

இருந்தது. எவர்சில்வர் டப்பா, மூடியில் சீட்டு. 'மிளகு. மிச்சம்.' அவள் மூடியைத் திறந்தாள். வழவழப்புக்குள் நூற்றுக்கணக்கில் விதைகள், ஒவ்வொன்றும் தன் மெல்லிய உறைக்குள் பத்திரமாக.

மிளகு டப்பாவை மார்போடு வைத்துக்கொண்டு அழுதாள். தையல்காரர் பதறிப்போனார். நர்ஸம்மா அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள், செல்லமாகத்தான்.

அழுகை அடங்கியதும் அவளுக்குள்ளிருந்து பரிசோதனைக்கூடப் பெண் வெளியே வந்தாள்.

"தோல் உரிக்க வெந்நீர்ல போட்டீங்க இல்ல? எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பொய் சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. "இல்லைங்க. ஃபோன் வந்துடுச்சு. கொஞ்சம் கூடவே ஆயிடுச்சு. எவ்வளவுன்னு தெரியல."

"ஃபோனைக் கொடுங்க."

பேசிய நேரம் பதிவாகியிருந்தது. மூன்று நிமிஷம் நாற்பது விநாடி.

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மிளகு கண்ணை மூடிக் கணக்குப் போட்டாள்.

"கெட்டிச் சதை. வெளியில வெந்திருக்கும். நடுவுல அவ்வளவு சூடு போயிருக்காது." கொஞ்சம் நிறுத்தினாள். "போயிருக்கவும் போயிருக்கலாம். முளைக்க வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

*

முதல் தூறல் விழுந்தது. மூன்று பேரும் தோட்டத்துக்கு ஓடினார்கள். பச்சைக் காய்கள், மிளகாய், கடைசிப் பீன்ஸ் என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் பறித்துக் கூடையில் போட்டார்கள். கூடத்தில் பழைய பேப்பரைப் பரப்பி, காய்களை ஒவ்வொன்றாகச் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள். இருட்டில் மெதுவாகப் பழுக்கும், ஒரு மாதம் வரும். தையல்காரர் ஒவ்வொரு காயையும் பார்சல் மாதிரி முனை மடித்துச் சுற்றினார். மற்ற இரண்டு பேர் பத்துக் காய் சுற்றும் நேரத்தில் அவர் மூன்று சுற்றினார்.

"காலையில நான் பேசினது தப்பு" என்றாள் மிளகு, பேப்பரைப் பார்த்துக்கொண்டே. "நூலையும் உங்களைக் கேக்காமதான் எடுத்தேன்."

"நூல் என்னங்க நூல். இன்னும் பத்துக் கண்டு இருக்கு."

"நாற்காலி விஷயம்..."

"அது உட்காரத்தானே இருக்கு? நீங்களும் உட்காருங்க, நானும் உட்கார்றேன்."

நர்ஸம்மா ஒரே காயை நாலு பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மிளகு மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாக வேண்டும். மழை என்றால் அங்கே வேலை இரட்டிப்பு. ஆறு மணி பஸ்ஸுக்குப் பை தயாரானது. டப்பாவைக் கையில் எடுத்தவள் யோசித்தாள். மூன்று நாள் இந்த வழவழப்பு புளிக்க வேண்டும். காலை மாலை கிளற வேண்டும். பிறகு கழுவி, பத்து விதையை ஈரத் துணியில் மடித்து வைக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து தங்கும் அவள் அறையில் அந்த வாடையோடு டப்பாவை ஒரு நாள் வைக்க விடமாட்டார்கள்.

அது மட்டும் காரணமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது.

"உங்க கடையில, தொடக் கூடாதுன்னா என்ன கலர் நூல்?" என்று கேட்டாள்.

தையல்காரர் நேர்மையாக யோசித்தார். "தொடக் கூடாதுன்னு நூல் கிடையாதுங்க. நீலம் இருக்கு. நீலம்னா ட்ரயல். பாதி தைச்சு வச்சிருப்போம். ஆள் நேர்ல வந்து போட்டுப் பார்க்கிற வரைக்கும் மேல ஒரு தையல் போடக் கூடாது."

அவள் மிஷின் இழுப்பறையைத் திறந்தாள். திறப்பதற்கு முன்னால் அவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். நீல நூலை எடுத்து டப்பாவைச் சுற்றி இரண்டு கட்டுக் கட்டி முடிச்சுப் போட்டாள். சீட்டில் 'மிச்சம்' என்பதை அடித்துவிட்டு எழுதினாள்: 'ட்ரயல், அடுத்த சனி.'

"தினம் ரெண்டு வேளை கிளறணும். செவ்வாய்க்கிழமை கழுவணும். அப்புறம் பத்து விதை மட்டும் ஈரத் துணியில. லைனிங் துணி போதும்."

டப்பாவை அவர் கையில் கொடுத்தாள். அப்பாவின் ஆறு வருஷம் அதில் இருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க."

"காலையில சுடும்னு கத்தினப்போ 'எடு'ன்னு சொன்னீங்க. இப்ப மறுபடியும் நீங்க, வாங்களா?"

அவர் விழித்தார். நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா சீலிங்கைப் பார்த்தாள்.

"சரி" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "கவலைப்படாம போயிட்டு வா."

மிளகு சிவப்பு நூல் கட்டிய பாட்டிலை எடுத்துப் பைக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். "என் பேர்தானே எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

பஸ் கிளம்பிப் போன பிறகும் மழை நிற்கவில்லை. விளக்கேற்றும் நேரம் ஆயிற்று. தையல்காரர் ஒரு கரண்டியால் முதல் தடவை கிளறினார். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி என்ற கணக்கு அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கரண்டியில் ஒட்டியிருந்த ஒரே ஒரு விதையை விரலால் வழித்து உள்ளே விட்டார். பிறகு மூடி, நீல நூலை மறுபடி கட்டினார்.

நர்ஸம்மா துடைக்கிற துணியோடு வந்து மிஷினைச் சுத்தம் செய்ய டப்பாவை நகர்த்தப் போனாள்.

"தொடாதீங்க சிஸ்டர்" என்றார். "நம்ம பொண்ணு வந்து பார்க்கணும்."